கோழிக்குஞ்சுக்கு அடியில பேப்பர் விரிக்காதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். எங்க வீட்டுக்கு உங்க பேப்பர் 16 வருஷமா வருது. காலையில மாமனார் படிப்பாரு, அப்புறம் நான், சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்து பிள்ளைங்க, அதுக்கப்புறம் அது அலமாரி தட்டுல விரிக்க, பலகாரத்துல எண்ணெய் ஒத்தி எடுக்க, கடைசியா கோழிக்குஞ்சு பெட்டிக்கு அடியில போடன்னு போயிரும். அந்த கடைசி வேலைக்கு மட்டும் யாரும் பேப்பர் எடுக்காதீங்கன்னு உங்க விவசாய பக்கத்துலயே போடணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர் எழுதறேன், காரணத்தை முழுசா சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

போன தை மாசம் எங்க சிறுவெடை கோழி ஒண்ணை 11 முட்டையில அடை வச்சோம். நல்ல அடைக்கோழி, மூணு ஈடு பொரிச்சது, தண்ணி குடிக்க கூட அஞ்சு நிமிஷத்துக்கு மேல எந்திரிக்காது. 18வது நாள் ராத்திரி நாய் புகுந்து அதை கடிச்சு போட்டுருச்சு. காலையில பாக்கறப்ப முட்டை எல்லாம் கூடையிலயே இருக்கு, தொட்டு பாத்தா இன்னும் லேசா சூடு இருக்கு. எனக்கு கை கால் ஓடல, ஒரு துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு பங்காளி வீட்டு அண்ணன்கிட்ட ஓடினேன், அவரு தெர்மாகோல் பெட்டியில பல்பு மாட்டி இன்குபேட்டர் வச்சிருக்காரு. அதுல வச்சோம். அன்னைக்கு ராத்திரின்னு பாத்து மூணு மணி நேரம் கரண்ட் இல்ல, பெட்டி மேல கம்பளி போத்தி உக்காந்திருந்தோம். 21வது நாள்ல இருந்து 22வது நாள் மத்தியானம் வரைக்கும் ஏழு குஞ்சு வந்துச்சு. ரெண்டு கூமுட்டை, ரெண்டு ஓட்டுக்குள்ளயே செத்துப்போச்சு.

தாய் இல்லாத குஞ்சுங்கறதால ஒரு டிவி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து அடியில பேப்பரை நாலா மடிச்சு சமமா விரிச்சு 60 வாட் பல்பு தொங்க விட்டேன். பாக்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. தினமும் பேப்பரை மாத்திட்டா நாத்தம் இல்லைன்னு நானே பெருமையா நினைச்சேன். மறுநாள் காலையில என் சின்ன பொண்ணு, ஏழாவது படிக்கறா, பெட்டியை எட்டிப்பாத்துட்டு அம்மா ஒரு குஞ்சு உடைஞ்சு போச்சும்மான்னு கத்தறா. போய் பாத்தா ஒரு மஞ்ச குஞ்சு வயிறு தரையில ஒட்ட படுத்திருக்கு, ரெண்டு காலும் ரெண்டு பக்கமா, இடது கால் இந்த பக்கம் வலது கால் அந்த பக்கம்னு படகுக்கு துடுப்பு போட்ட மாதிரி விரிஞ்சு கிடக்கு. எந்திரிக்க பாக்குது, காலை ஊனுது, ஊனின கால் பேப்பர் மேல சறுக்கிட்டு இன்னும் வெளிய போகுது. மத்த ஆறும் அது மேலயே மிதிச்சு ஓடுதுங்க. ஆனா கத்தறதுல மட்டும் அதுதான் எல்லாத்தையும் விட சத்தமா கத்துது, கண்ணு நல்லா தெளிவா இருக்கு, விரல்ல நொய்யை ஒட்டி நீட்டினா கொத்துது. சாகற குஞ்சு இப்படி இருக்காதுன்னு எனக்கு தோணுச்சு.

வந்தவங்க எல்லாம் சொன்னது ஒண்ணுதான். ஊனக்குஞ்சு, தேறாது, காக்காவுக்கு போட்டுரு. இதை கெட்ட மனசோட யாரும் சொல்லல, நான் சின்ன வயசுல இருந்து பாத்ததும் இதுதான், ஈட்டுக்கு ஒண்ணு ரெண்டு இப்படி வரும், கழிச்சு விட்டுருவாங்க. பக்கத்து டவுன்ல ஒரு மருந்து கடையில போய் கேட்டேன், 30 ரூபா குஞ்சுக்கு என்னத்த வைத்தியம்ங்கன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. எனக்கு அந்த வார்த்தை ரொம்ப நேரம் மனசுல இருந்துச்சு. விலை 30 ரூபாதான், சரி, ஆனா எங்களுக்கு என்ன ஏதுன்னு தெரியாததால கேட்டோம், தெரியாததை கேட்டா சொல்றதுக்கு காசா செலவாகும்.

எங்க அம்மிச்சி மட்டும் வாசப்படியில உக்காந்துக்கிட்டு, உசுரோட கத்தற குஞ்சை எப்படி கண்ணு தூக்கி வீசுவ, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போன்னாங்க. அம்மிச்சிக்கு 80 வயசுக்கு மேல ஆச்சு. அவங்க சொன்னதால ஒரு சின்ன கூடையில துணி போட்டு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டு போனேன். மாட்டுக்கு சினை ஊசி போட வந்தவங்க, ஆட்டை கட்டி இழுத்துட்டு வந்தவங்க எல்லாருக்கும் நடுவுல ஒரு நாள் குஞ்சோட நிக்கறதுக்கு கூச்சமாதான் இருந்துச்சு. டாக்டரம்மா கூடையை திறந்து பாத்த உடனே கேட்ட முதல் கேள்வி, அடியில என்ன விரிச்சிருக்கீங்க? பேப்பர்ங்கன்னேன். அதுதாங்க காரணம்னாங்க.

அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன். குஞ்சு வெளிய வந்த முதல் ரெண்டு மூணு நாள்ல எலும்பும் மூட்டும் தசைநாரும் பச்சை மண்ணு மாதிரி, இன்னும் இறுகல. அப்ப கால் விரலுக்கு பிடி கிடைக்கணும். மண்ணு, புல்லு, தாய்க்கோழி உக்கார்ற வைக்கோல், எல்லாத்துலயும் பிடி இருக்கு. சமமா விரிச்ச பேப்பர், பிளாஸ்டிக் ட்ரே, டைல்ஸ் தரை, வழவழன்னு இருக்கற எதுலயும் பிடி இல்ல, ஈரம் பட்டா இன்னும் மோசம். கால் வெளிப்பக்கமா சறுக்க சறுக்க தொடை மூட்டு அந்த கோணத்துலயே பழகிடும், அப்புறம் அது உள்ள வராது. இன்குபேட்டர்ல சூடு ஏறி இறங்கினாலும், பொரியறப்ப கஷ்டப்பட்டு நாள் தள்ளி வந்தாலும், தாய்க்கோழிக்கு சத்து கம்மியா இருந்தாலும் சில குஞ்சு பலவீனமா வரும், அந்த மாதிரி குஞ்சுதான் முதல்ல சறுக்கும். எங்க குஞ்சுக்கு கரண்ட் போன ராத்திரியும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னாங்க. ஆனா மண்ணுல பொரிச்சிருந்தா அதுவே எந்திரிச்சிருக்கும், பேப்பர் அதை எந்திரிக்க விடல.

வைத்தியம் என்னன்னு கேட்டா ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. பேன்ட்எய்டு. கையில காயம் பட்டா ஒட்டுவோமே அதேதான், டாக்டரம்மா அவங்க பைக்குள்ள இருந்து ஒண்ணு எடுத்து கத்தரிக்கோல்ல நீளவாக்குல பாதியா வெட்டினாங்க, ஏன்னா முழு அகலம் இந்த குஞ்சு காலுக்கு பெருசு. நடுவுல இருக்கற பஞ்சு பகுதி ரெண்டு காலுக்கு நடுவுல வர்ற மாதிரி வச்சுக்கிட்டு, ஒரு முனையை ஒரு கால்ல சுத்தி அதே பட்டையிலயே திருப்பி ஒட்டினாங்க, இன்னொரு முனையை அடுத்த கால்ல. ஒட்டற இடம் முட்டிக்கு கீழ, விரல் பிரியற இடத்துக்கு மேல, குச்சி மாதிரி இருக்கற பகுதி. ரெண்டு காலுக்கும் நடுவுல முக்கால் இஞ்சுல இருந்து ஒரு இஞ்சு வரைக்கும் இருக்கணும், அதாவது நல்ல குஞ்சு ஒண்ணு சாதாரணமா நிக்கறப்ப கால் எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு, பக்கத்துலயே ஒரு நல்ல குஞ்சை நிக்க வச்சு பாத்துக்கிட்டா அளவு தப்பாது. ரொம்ப நெருக்கி கட்டிட்டா நிக்க முடியாம மூஞ்சி குப்புற விழும், ரொம்ப தள்ளி கட்டினா கட்டியே பிரயோஜனம் இல்ல. சுத்தறப்ப இறுக்கக்கூடாது, பாதம் வீங்குதா நிறம் மாறுதான்னு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை பாக்கணும். நூல், ரப்பர் பேண்டு, கம்பி இதெல்லாம் வேண்டவே வேண்டாம், ரத்த ஓட்டம் நின்னு காலே போயிரும்னு ரெண்டு தடவை அழுத்தி சொன்னாங்க. நான் கேக்காம விட்டிருந்தா வீட்ல நூல்லதான் கட்டியிருப்பேன்.

கட்டின உடனே நிக்கும்னு நினைச்சுட்டு போனேன், நிக்கல. அரை மணி நேரம் தலைகீழா உருண்டுச்சு. பொண்ணு அழுதா, கழட்டிடும்மான்னா. டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, முதல் நாள் அப்படித்தான் இருக்கும், கூட இருந்து பாத்துக்கங்கன்னு. பெட்டியில இருந்த பேப்பரை எல்லாம் எடுத்துட்டு பழைய டர்க்கி டவலை விரிச்சேன். ஒரு டம்ளருக்குள்ள துணி அடைச்சு குஞ்சை அதுல நேரா நிக்கற மாதிரி வச்சா கால் ரெண்டும் வயித்துக்கு கீழ வரும், அப்படி பத்து நிமிஷம், எடுத்து கையில பிடிச்சு பாதம் டவல்ல படற மாதிரி நிக்க வச்சு ரெண்டு நிமிஷம், இப்படி ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை செஞ்சோம். என் பொண்ணு ஹோம்வொர்க் எழுதறப்ப ஒரு கையில நோட்டு ஒரு கையில குஞ்சுன்னு இருந்தா.

மத்த ஆறையும் வேற பெட்டிக்கு மாத்தினோம், ஏன்னா படுத்து கிடக்கற குஞ்சோட விரலையும் கண்ணையும் மத்ததுங்க கொத்தும். ஆனா தனியா வச்சா கத்திக்கிட்டே இருக்கும், அதனால சாதுவான ஒரு குஞ்சை மட்டும் துணைக்கு விட்டோம். தண்ணி வைக்கறது பெரிய விஷயம்ங்க. கால் கட்டின குஞ்சு தண்ணி தட்டுல குப்புற விழுந்தா எந்திரிக்க முடியாது, ரெண்டு சொட்டு தண்ணியில மூக்கு மூழ்கினா போச்சு. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில கூழாங்கல்லை நிரப்பி கல்லுக்கு நடுவுல மட்டும் தண்ணி நிக்கற மாதிரி வச்சோம், அலகை தொட்டு தொட்டு காட்டினா குடிக்க பழகிக்கும். தீனி எங்கயும் போய் தேட முடியாதுங்கறதால மூக்குக்கு பக்கத்துலயே வைக்கணும். முதல் நாள் சாப்பிடலைன்னா பதறாதீங்க, பொரியறதுக்கு முன்னாடி மஞ்சக்கரு வயித்துக்குள்ள போயிருக்கும், அதுலயே ரெண்டு நாள் தாங்கும். அதனாலதான் முதல் நாளே கட்டு போட்டுடறது நல்லது.

ரெண்டாம் நாள் குதிகாலை ஊனி உக்காந்துச்சு. மூணாம் நாள் காலையில நான் பால் கறந்துட்டு வந்து பாக்கறேன், டவல் நடுவுல தனியா நின்னுக்கிட்டு இருக்கு. ஆடுது, ஆனா நிக்குது. நான் பக்கத்து வீடு வரைக்கும் கேக்கற மாதிரி கத்தியிருக்கேன், எல்லாரும் ஓடி வந்தாங்க, காக்காவுக்கு போடுன்னு சொன்ன அக்காவும் வந்து பாத்து அட ஆமான்னு நின்னாங்க. நாலாம் நாள் தேங்காண்ணெய் தடவி ஊற வச்சு பேன்ட்எய்டை மெதுவா எடுத்தேன், அப்படியே பிச்சா தோலோட வந்துரும். எடுத்ததும் வலது கால் லேசா வெளிய போன மாதிரி இருந்துச்சு, அதனால புதுசா ஒண்ணு ஒட்டி இன்னும் ஒரு நாள் விட்டேன். குஞ்சு தினமும் வளருதுங்கறதால ஒரே கட்டை அப்படியே நாலஞ்சு நாள் விடக்கூடாது, எடுத்து பாத்து மாத்தி ஒட்டணும். ஆறாம் நாள் மத்த குஞ்சுங்களோட சேத்து விட்டாச்சு, ஒரு மணி நேரத்துல எதுன்னு அடையாளம் தெரியாம போச்சு, அடையாளத்துக்கு பொண்ணு அது தலையில ஒரு சொட்டு மஞ்சள் தடவி வச்சா.

நான் இந்த லெட்டர் எழுதறதுக்கு காரணம் அந்த குஞ்சு மட்டும் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு எங்க தெருவுல ஒரு பையன் திருவிழா கடையில கலர் கோழிக்குஞ்சு வாங்கிட்டு வந்தான், ரோஸ் கலர். இந்த கலர் குஞ்சுங்க எங்க இருந்து வருதுன்னு நிறைய பேருக்கு தெரியாது, நாமக்கல் மாதிரி முட்டைப்பண்ணை நிறைய இருக்கற ஊர்ல குஞ்சு பொரிக்கறப்ப பாதி சேவலா வரும், அந்த ரக சேவல் முட்டையும் போடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது, அதனால கழிச்சு விடறதை சாயத்துல முக்கி பிள்ளைங்களுக்கு விக்கறாங்க. அந்த பையன் வீட்லயும் ஷூ வந்த அட்டைப்பெட்டி, அடியில பேப்பர். நாலாம் நாளே கால் விரிஞ்சிருக்கு. அவங்க அம்மா தானா சரியாகும்னு விட்டுட்டாங்க, அவங்களுக்கும் தெரியாதுதானே. என்கிட்ட ஒன்பதாம் நாள் கொண்டு வந்தாங்க. அதே பேன்ட்எய்டு, அதே டம்ளர், எல்லாம் செஞ்சேன். கால் உள்ள வரவே இல்ல, பிடிச்சு கொண்டு வந்தா விட்டதும் போயிருது, மூட்டு அப்படியே இறுகிப்போச்சு. நெஞ்செலும்பு கிட்ட தோல் உரிஞ்சு புண்ணு. 13வது நாள் செத்துப்போச்சு. அந்த பையன் வேப்பமரத்துக்கு அடியில குழி தோண்டி புதைச்சான், என்னை பாத்து அக்கா நான் முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழச்சிருக்குமான்னு கேட்டான். ஆமான்னு சொல்றதா இல்லைன்னு சொல்றதா. எனக்கு பதில் வரல. நாலாம் நாள் அவங்க வீட்டுக்கு யாராவது சொல்லியிருந்தா அந்த கேள்வியே வந்திருக்காது.

கால் பிரச்சனை எல்லாமே ஒண்ணு இல்லைங்கறதையும் சொல்லிடணும், இல்லன்னா எல்லா குஞ்சுக்கும் பேன்ட்எய்டு ஒட்டிட்டு உக்காந்திருப்பாங்க. அடுத்த ஈட்டுல எனக்கே ஒண்ணு வந்துச்சு, கால் விரியல, ஆனா விரல் எல்லாம் உள்பக்கமா முஷ்டி மாதிரி சுருண்டு, குதிகால்ல நடக்குது, பத்து பன்னெண்டு நாள் குஞ்சு. டாக்டரம்மா பாத்துட்டு இது ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2 குறைவு, கால் நரம்பு பாதிக்கறதால வருதுன்னு வைட்டமின் சொட்டு மருந்து குடுத்தாங்க. நாலஞ்சு நாள்ல விரல் பிரிஞ்சிருச்சு. இதுவும் சீக்கிரம் பாத்தாதான், நாள்பட்டா நரம்பு திரும்பாது. முட்டி வீங்கி கால் பக்கவாட்டுல திரும்பிக்கிட்டா அது தசைநார் எலும்பு பள்ளத்துல இருந்து நழுவினது, மாங்கனீசு, கோலின் குறைவால வரும், அதுக்கு இந்த கட்டு உதவாது. ஒரு மாசத்துக்கு மேலான கோழி ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடின்னு நீட்டி படுத்தா மேரக்ஸ் நோயா இருக்கலாம், அது வைரஸ், வந்த பின்னாடி மருந்து இல்ல, பொரிச்ச முதல் நாளே போடற தடுப்பூசிதான். கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு, கால் இழுத்தா அது வெள்ளைக்கழிச்சல். அந்த நோய்க்கு உத்தரகண்ட்ல இருக்கற ராணிகேத் ஊர் பேரைத்தான் வச்சு ராணிகெட்னு சொல்றாங்க. அதுக்கு முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ லசோட்டாங்கற தடுப்பு மருந்து ஒரு சொட்டு விட்டுடணும். இந்த ரெண்டும் மத்த கோழிக்கு பரவும், அதனால சந்தேகம் வந்தா முதல்ல தனியா பிரிச்சு வச்சுட்டு டாக்டரை பாருங்க.

தீனி பத்தி டாக்டரம்மா ஒரு கதை சொன்னாங்க, எனக்கு அது மறக்கல. 1890 வாக்குல இப்ப ஜகார்த்தான்னு சொல்ற ஊர்ல கிறிஸ்டியான் எய்க்மான்னு ஒரு டச்சு டாக்டர், மனுஷங்களுக்கு நரம்பு பாதிச்சு கால் தளர்ந்து போற பெரிபெரி நோய் எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு. அவர் ஆராய்ச்சிக்கு வச்சிருந்த கோழிங்க திடீர்னு கால் தள்ளாடி நடக்க முடியாம விழ ஆரம்பிச்சுச்சு. கிருமின்னு தேடினாரு, கிடைக்கல. கொஞ்ச நாள்ல கோழிங்க தானா தேறிடுச்சு. என்னன்னு விசாரிச்சா, நடுவுல கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி சமையல்கட்டுல மிஞ்சின வெள்ளை சோறு கோழிங்களுக்கு போட்டிருக்காங்க, புதுசா வந்த சமையல்காரர் அதெல்லாம் தர முடியாதுன்னுட்டாரு, மறுபடி தீட்டாத அரிசிக்கு மாறினதும் கால் வந்துருச்சு. தவுட்டோட போற சத்துதான் காலை நிக்க வைக்குதுன்னு அப்படித்தான் வெளிய வந்துச்சு, அதைத்தான் இப்ப வைட்டமின் பி1ங்கறோம், அவருக்கு 1929ல நோபல் பரிசு குடுத்தாங்க. பெரிபெரி பி1 குறைவுன்னு என் பொண்ணு சயின்ஸ் புக்குல இருக்கு, ஆனா அது கோழிக்கால்ல இருந்து கண்டுபிடிச்சதுன்னு நாங்க அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

நம்ம வீடுகள்ல குஞ்சுக்கு போடறது என்ன, ரேஷன் அரிசி நொய், வெள்ளை வெளேர்னு தீட்டினது, அதுலயே வளத்துடறோம். எங்க அம்மிச்சி காலத்துல பானையில சாணியும் பழைய சாக்கும் போட்டு தண்ணி தெளிச்சு காட்டுல கவுத்து வச்சுட்டு வந்து மறுநாள் பொதுபொதுன்னு கரையான் எடுத்துட்டு வந்து குஞ்சுக்கு கொட்டுவாங்களாம். அப்ப சத்து எங்க இருந்தாவது வந்துருச்சு. இப்ப காட்டுக்கு விடாம பெட்டியில வளக்கறோம், அப்ப தீனியை நாமதான் பாக்கணும். முதல் மாசத்துக்கு கடையில விக்கற குஞ்சுத்தீவனம் நல்லது. அது முடியலைன்னா நொய்யோட கம்பு, ராகி மாவு, தவிடு, வேகவச்ச முட்டை மஞ்சக்கரு, பொடிப்பொடியா நறுக்கின முருங்கைக்கீரைன்னு கலந்து போடலாம்.

பேப்பருக்கு பதிலா என்ன விரிக்கறதுன்னு கேப்பாங்க. பழைய டவல், காட்டன் வேட்டி, நூல் பிரிஞ்சு தொங்காம இருக்கணும், தொங்கற நூல் கால்ல சுத்திக்கும், சாக்கு போடறவங்க இதை கட்டாயம் பாக்கணும். அதுவும் இல்லைன்னா அட்டைப்பெட்டியோட மேல் தாளை உரிச்சா உள்ள நெளி நெளியா வருமே, அந்த பக்கம் மேல வர்ற மாதிரி போடலாம், நல்ல பிடி இருக்கும். பண்ணை வைக்கறவங்க ஒரு விஷயம் கேக்கலாம், பயிற்சியில உமிக்கு மேல பேப்பர் விரிக்கத்தானே சொல்லிக்குடுக்கறாங்கன்னு. உண்மைதான், குஞ்சு உமியை தின்னுடக்கூடாதுன்னு முதல் ரெண்டு மூணு நாள் அப்படி விரிப்பாங்க. அங்க அடியில ரெண்டு இஞ்சு உமி இருக்கறதால பேப்பர் மெத்துன்னு அமுங்கும், விரல் பதியும். வெறும் அட்டை மேலயோ சிமெண்டு தரை மேலயோ சமமா விரிக்கறதுதான் பிரச்சனை. வேற வழியே இல்லாம பேப்பர்தான் விரிக்கணும்னா நல்லா கசக்கி சுருக்கம் சுருக்கமா விரிங்க, நனைஞ்ச உடனே மாத்துங்க.

சூடும் முக்கியம், முதல் வாரம் குஞ்சு இருக்கற இடம் 35 டிகிரி இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுட்டே வரணும். தெர்மாமீட்டர் இல்லாட்டி குஞ்சையே பாருங்க, பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டா குளிருது, மூலைக்கு ஓடி வாயை பொளந்தா சூடு அதிகம். ஏறி மிதிக்கறப்பவும் பலவீனமான குஞ்சோட கால் போயிரும்.

அய்யா, உங்க விவசாய பக்கத்துல ஆட்டுக்கு, மாட்டுக்கு, நாட்டுக்கோழி பண்ணை லாபத்துக்குன்னு நிறைய வருது, நாங்க வெட்டி வச்சு படிக்கறோம். ரெண்டு கோழி நாலு கோழி வச்சிருக்கற வீட்டு பொம்பளைங்களுக்கும், குஞ்சு வாங்கி வந்து பெட்டியில வச்சிருக்கற பிள்ளைங்களுக்கும் இந்த ஒரு விஷயத்தை ஒரு சின்ன கட்டமா போட்டீங்கன்னா போதும். பேப்பர் விரிக்காதீங்க, கால் விரிஞ்சா முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள கட்டுங்க, சரியாகலைன்னா கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டு போங்க, குஞ்சுதானேன்னு கூச்சப்படாதீங்க. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962ங்கற நம்பரையும் அதுலயே போடுங்க, எங்க ஊர்ல பாதி பேருக்கு அது தெரியல. திருவிழா சீசனுக்கு முன்னாடி போட்டா இன்னும் நல்லது, அப்பத்தான் கலர் குஞ்சு அதிகமா விப்பாங்க.

அந்த மஞ்ச குஞ்சு வளந்து கோழியா ஆயிருச்சு. போன வாரம்தான் முதல் முட்டை வச்சுது. பேன்ட்எய்டை எப்படி வெட்டறது, கால்ல எங்க சுத்தறது, நடுவுல எவ்வளவு விடறதுன்னு என் பொண்ணு ஸ்கேல் வச்சு அளந்து படம் வரைஞ்சு குடுத்திருக்கா, இந்த லெட்டரோட சேத்து அனுப்பியிருக்கேன். லெட்டர் முழுசும் போட இடம் இல்லைன்னா அந்த படத்தை மட்டுமாவது போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.